இடது கை படித்த யூகேஜி

நாற்காலி அவன் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றன. நீட்டினால் வராந்தாவில் போகிற வருகிற டீச்சர்கள் தடுக்கி விழுவார்கள், மடக்கினால் தொடை மரத்துப்போகிறது, யூகேஜி குழந்தைகளுக்குச் செய்த நாற்காலியில் முப்பத்தாறு வயது ஆளை உட்கார வைத்தால் அவன் என்ன வீறாப்பாக உட்கார்ந்துவிட முடியும், எழுந்து நிற்கலாமென்றால் சுவரோரம் ஏற்கெனவே நான்கு அப்பாக்கள் நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். திருமூர்த்தி கையிலிருந்த டோக்கனை மறுபடியும் பார்த்தான். பதினேழு. உள்ளே போயிருப்பது பதினொன்று. பெற்றோர் மீட்டிங், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் ஜெசிந்தா மிஸ் யாரையும் பத்து நிமிடத்துக்குக் குறைவாக விடுவதில்லை, அப்படியென்றால் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துவிட முடியாதா. மிஸ், அந்த வீட்டுப்பாட நோட்டு விஷயமா ஒண்ணு சொல்லோணும். இல்லை, விஷயமா என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது போல இருக்கிறது. மிஸ், நீங்க தப்பா நெனைக்கப்படாது. தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்கள், செய்தது தப்புதானே. பக்கத்து நாற்காலியில் மகள் தாரிகா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த நாற்காலி சரியாக இருந்தது. ஜூன் மாதம் இதே நாற்காலியில் அவள் கால் தரையில் எட்டாமல் தொங்கியது அவனுக்கு ஞாபகம் வந்தது, ஒன்பது மாதத்தில் கால் எட்டிவிட்டது, அதை எந்த நாளில் என்று அவன் பார்க்கவில்லை.

காலையில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்தவள், ரயில்வே கேட் சாத்தியிருந்த இடத்தில் வண்டி நின்றபோது தலையைத் திருப்பாமலே சொன்னாள். “அப்பா, நேத்து மிஸ் என்னைய எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க.” “எதுக்குஞ் சாமி?” “வீட்டுப்பாட நோட்டு என்னுதுதான் பர்ஸ்டாமா. எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. நீயே எழுதுனதான்னு கேட்டாங்க.” “நீ என்ன சொன்னே?” “ஆமாங் மிஸ்னு சொன்னேன்.” சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, அவள் வழக்கமாகப் பெட்டி எண்ணுவாள், இன்று எண்ணவில்லை. “அப்பறம் எனக்கு வயிறு வலிச்சுதுங்ப்பா. சாப்பாடு சாப்புடுல.” நேற்றுச் சாயங்காலம் டப்பாவைத் திறந்த அவள் அம்மா பூங்கோதை, தயிர்சாதம் அப்படியே இருக்கிறதென்று அவளைத் திட்டினாள், அவனும் சேர்ந்து ஒரு வார்த்தை திட்டினான், சோத்தை வீணாக்குனா எப்படிப் பாப்பா என்று. இப்போது நினைத்தால் அந்தத் திட்டை நாக்கிலிருந்து வழித்து எடுத்துவிட வேண்டும் போல இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லியிருக்கிறாள், சொல்லிக்கொடுத்தவன் அவன், வயிறு வலித்தது மட்டும் அவளுக்கு. கேட் திறந்தது, பின்னால் லாரிக்காரன் ஆரன் அடித்தான், வண்டியைக் கிளப்பினான்.

ஜூன் மாதம். முதல் நாள். பையில் ஒன்றுமே இல்லை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா, ஒரு கைத்துண்டு, ஆனாலும் பை அவள் முதுகைவிடப் பெரிதாக இருந்தது. எல்கேஜியை வேறு பள்ளியில் முடித்திருந்தாள், அங்கே வீடு பக்கம், இங்கே வரும்போது எல்லாமே புதுசு. ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரியென்று பிடிவாதம் பிடித்தாள், அவனும் விட்டுவிட்டான், மாற்றிப் போட்ட ஷூவோடுதான் கேட்டுக்குள் போனாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்தனை அப்பா அம்மாக்கள், குழந்தைகள் அழுகிறார்கள், இவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள், தாரிகா அழவில்லை, திரும்பிப் பார்த்து அவனுக்கு டாட்டா காட்டினாள், அவன்தான் கம்பெனிக்குப் போகிற வழியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை ஓரங்கட்டி ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனான். பூங்கோதையிடம் இதைச் சொல்லவேயில்லை. சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அன்று சாயங்காலம் வந்தவள், அப்பா எங்க மிஸ்ஸுக்கு மூக்குல மச்சம் இருக்குது, என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் நடந்ததாக அவளிடமிருந்து வந்த ஒரே செய்தி அந்த மச்சம்தான். அதற்கப்புறம் வாய் திறந்தது, திறந்தது மூடவில்லை. சஞ்சித் பென்சிலைக் கடிக்கறான். ஆயாம்மா எனக்கு மட்டும் ரெண்டு தடவ தலை சீவி விட்டாங்க. ஏ பார் ஆப்பிள் பழசுங்ப்பா, இப்ப ஏ பார் ஏரோப்ளேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுப் படியில் அவளை மடியில் உட்கார வைத்து அதையெல்லாம் கேட்ட நாட்கள் அதற்குள் பழங்கதையாகிவிட்டன. பன்னிரண்டாம் எண் என்று ஆயாம்மா கூப்பிட்டாள். ஒரு அம்மாவும் மகனும் எழுந்து போனார்கள், மகனின் சட்டை பின்னால் வெளியே தொங்கியது.

அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேசை நிறையத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்னை வைத்துக் கோடு போட்டு, மிஷினை விட்டால் நூறு பீஸ் ஒரே அளவில் விழும், ஒரு நூல் கூடக் குறைய இருக்காது. பதினாறு வருஷமாக நேர்கோட்டிலேயே புழங்கிய கை. பூங்கோதைக்கும் அங்கேயே செக்கிங்கில் வேலை, அவள் கண்ணில் படாத ஓட்டை கிடையாது, ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோறு அவள் பொறுப்பு, எழுத்து அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். எட்டாவதோடு நின்றவன் எழுத்துக்குப் பொறுப்பு. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல், அதையும் சாக்பீஸால் துணிக்கட்டின் மேல் பெரிய எழுத்தில்தான் எழுதுவான். இங்கே நாலு கோடு நோட்டில் கூட்டெழுத்து. எழுத்துக்கு எழுத்து கை கோத்துக்கொண்டு போக வேண்டும், மேல் கோட்டைத் தொட வேண்டியது தொட வேண்டும், கீழ்க் கோட்டுக்கு இறங்க வேண்டியது இறங்க வேண்டும். ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு, மூன்றாம் நாள் பள்ளிக்கூடம், அன்று காலை ஏழு மணிக்குப் பார்த்தால் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம் பாக்கி. பிள்ளை சுருண்டு கிடக்கிறது. எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து பென்சிலைப் பிடித்தாள், பி எழுத்தின் வயிறு கோட்டை விட்டு வெளியே உருண்டோடிற்று, கையைப் பிடித்துப் பார்த்தால் இன்னும் சூடு. அவன் நோட்டை வாங்கிக்கொண்டான். வலது கையால் ஒரு எழுத்து எழுதினான், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அழித்தான், பென்சிலை இடது கைக்கு மாற்றினான். இடது கை நடுங்கியது, வளைந்தது, கோடு தாண்டியது, அச்சு அசல் ஐந்து வயதுக் கை. தாரிகா படுத்துக்கொண்டே பார்த்துச் சிரித்தாள். காய்ச்சலில் மூன்று நாளாக அவள் சிரிக்கவில்லை. மறுநாள் நோட்டில் ஒரு ஸ்டார் ஒட்டியிருந்தது.

அந்த ஸ்டாரோடு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இன்று இந்த நாற்காலியில் ராஜா மாதிரி முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவளுக்குத் தூக்கம் வந்த நாள், கை வலிக்குதுங்ப்பா என்ற நாள், டிவியில் பொம்மைப் படம் முடியாத நாள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது, அவள் பாதி, அவன் பாதி என்று ஆரம்பித்து, செப்டம்பருக்குள் அவள் நாலு வரி, மீதி அவன் என்று ஆனது. அவன் இடது கை படித்தது. அதுதான் வேடிக்கை. ஜூலையில் நடுங்கிய கை ஆகஸ்டில் கோட்டுக்குள் நின்றது, அக்டோபரில் எழுத்துகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்தன, டிசம்பரில் எஃப் எழுத்து மேலும் கீழும் வளைந்து திரும்பிய அழகைப் பார்த்து அவனே ஒரு நிமிடம் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தான். அரையாண்டு மீட்டிங்கில் ஜெசிந்தா மிஸ் சொன்னார்கள், “கிளாஸ்ல கொஞ்சம் அவசரப்படறாங்க, வீட்டுல நல்லா பொறுமையா எழுதறாங்க. நல்ல முன்னேற்றம் இருக்குதுங்க சார்.” சார். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த முன்னேற்றம் யாருடையது என்று அவனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, தெருவில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது இடது கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அந்தச் சாயங்காலங்கள் என்னமோ நன்றாகத்தான் இருந்தன. அவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு, இல்லீங்ப்பா, இன்னும் கொஞ்சம் மேல, தொப்பை பெருசாயிருச்சு பாருங்க, என்று திருத்துவாள். எழுத்து எப்படி இருக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் கை செய்ய அவன்தான் விடவில்லை. குழம்பு தாளிக்கிற வாசம் வரும், பென்சில் சீவின தூள் பாயில் கிடக்கும், பூங்கோதை உள்ளேயிருந்து, அப்பனும் மகளும் படிச்சது போதும் வாங்க, என்பாள். அவனுக்கு யாரும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று அவன் அப்பாவைக் கேட்டால் ஒரு வகுப்பு கூட்டியோ குறைத்தோதான் சொல்வார். அதனாலேயே இவளுக்கு ஒன்றும் குறையக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் அவள் பென்சிலையும் பிடுங்கிக்கொண்டான்.

“ஏனுங்ண்ணா, தாரிகா அப்பா தானுங்களே?” அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் டோக்கன் பதினாறு, மடியில் ஒரு பையன் தூங்கிவழிந்தான். “ஆமாங்க.” “எங்க சஞ்சித் தெனமும் உங்க பாப்பா பேச்சுத்தானுங். கையெழுத்துல முதலாமா, மேடையில ஏத்தறாங்களாமா. இவன் எழுத்தைப் பாத்தீங்கன்னா கோழி கெளறுனாப்புல இருக்குதுங். எப்படீங்ண்ணா சொல்லித் தர்றீங்க?” பென்சில் கடிக்கிற சஞ்சித். இவன்தானா. திருமூர்த்திக்கு அந்த நிமிடம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது, ஆனால் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொன்னது. “தெனம் ஒரு பக்கமுங்க. விடாம எழுதோணும். மொதல்ல கோணலாத்தான் வருமுங்க, ஆறு மாசத்துல படிஞ்சுரும்.” சொன்னது எதுவும் பொய்யில்லை, சொந்த அனுபவம். “அப்படிங்களா,” என்று அந்தப் பெண் பையனின் தலையைத் தடவினாள், “கேட்டுக்கடா.” தாரிகா காலாட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் காலாட்டினாள். அவனுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பதிமூன்று, என்றாள் ஆயாம்மா.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதுதான் திரும்பத் திரும்ப வந்து குத்துகிறது. ஆகஸ்டில் எல்லாரும் வீட்டில் பஞ்சுக்குள் பச்சைப்பயிறு வைத்து முளைக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். தினமும் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் டப்பாவைத் திறந்து பார்த்தாள், தண்ணீரை ஊற்று ஊற்று என்று ஊற்றினாள், பயிறு ஊறி நாறிப்போயிற்று, முளைக்கவில்லை. பூங்கோதை சந்தையில் முளைகட்டின பயிறு வாங்கி வந்து, இதை வச்சுக்க சாமி, யாருக்குத் தெரியப்போவுது, என்றாள். தாரிகா முடியாது என்று ஒரே அழுகை. “இது என்னுது இல்லீங்ம்மா, இது கடக்காரம்மாளுது.” நாறின டப்பாவைத்தான் கொண்டுபோனாள். மற்ற குழந்தைகளின் டப்பாவில் வாலோடு முளைத்திருந்தன, இவள் தன்னுடையதைத் திறந்து காட்டி, என்னுது இன்னும் தூங்குது மிஸ், என்றாளாம். ஜெசிந்தா மிஸ்ஸே டைரியில் எழுதி அனுப்பினார்கள், வகுப்பே சிரித்தது என்று. அவனும் பூங்கோதையும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், விருந்தாளி வந்தால் அவர்களிடமும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை. நாலே மாதம். டிசம்பரில் ஒரு நாள் அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டாள், “அப்பா எழுதுனாங்கன்னு மிஸ்கிட்டச் சொல்லட்டுங்களா? உங்களுக்கு ஸ்டார் தருவாங்க.” அவன் பென்சிலை நிறுத்தினான். வேண்டாஞ் சாமி, இது நம்ம ரெண்டு பேரு ரகசியம். ரகசியம்னா என்னங்ப்பா. ரகசியம்னா யாருகிட்டயும் சொல்லப்படாது, அம்மாகிட்டக்கூட. மிஸ் கேட்டா. கேட்டாலுந்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்த முகம் இப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி. அப்புறம் சரிங்ப்பா என்றாள். அந்தச் சரியை அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். பொய் சொல்லாதே என்று ஒரு நாளும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பொய் சொல்லத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது, அதை அவன் அஞ்சே நிமிடத்தில் முடித்துவிட்டான். கூட்டெழுத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று.

பதினான்கு. யார் போனார்கள் என்று பார்க்கவில்லை. திங்கட்கிழமை டைரியில் சீட்டு வந்தது: அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை யூகேஜி பட்டமளிப்பு விழா, கறுப்பு அங்கியும் தொப்பியும் பள்ளியில் தருவார்கள், தங்கள் குழந்தை அழகிய கையெழுத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள், மேடையில் போர்டில் இரண்டு வரி எழுதிக்காட்டுவாள். படித்ததும் அவனுக்கு வந்தது சந்தோஷம், இதை எங்கே போய்ச் சொல்வது. சத்தியமாகச் சந்தோஷம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக்குப் போனதும் கட்டிங் மேசையில் சொன்னான், ஓவர்லாக் அடிக்கிற பெண்களிடம் சொன்னான், டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னான், பதினொரு மணிக்கு மிஷினை எடுத்துத் துணியில் வைக்கிற நேரத்தில்தான், எழுதினது நானல்லவா என்று மண்டையில் அடித்தது. கை நின்றுவிட்டது. என்னுங் மாஸ்டர் என்று பையன்கள் கேட்டார்கள். ஒண்ணுமில்லடா. தான் எழுதியதைத் தான் மறந்துபோகிற அளவுக்கு ஒருவன் எழுதியிருக்கிறான். பூங்கோதை அதற்குள் கடைக்குப் போய்ப் பாவாடை சட்டை எடுத்துவிட்டாள், கிளிப்பச்சை, ஓரத்தில் ஜரிகை, அங்கிக்குள்ளே போட்டால் யாருக்குத் தெரியும் என்றால், தொப்பியக் கழட்டி அங்கியக் கழட்டறப்பத் தெரியுமில்லீங், என்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரகசியம் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டே வரியைத் திரும்பத் திரும்ப எழுத வைத்துப் பழக்கிவிடலாமா என்று புதன்கிழமை நினைத்தான், உட்கார வைத்தான், அவள் எழுதிய வரி படி ஏறுவது போல மேலே மேலே ஏறிப் போயிற்று, நேரா எழுது, நேரா எழுது என்று குரல் உயர்ந்துவிட்டது, அவள் பென்சிலைக் கீழே வைத்து, நீங்களே எழுதுங்ப்பா, என்று அவன் இடது கையில் எடுத்துக் கொடுத்தாள். கோபத்தில் இல்லை, உதவி செய்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிடலாமா. போடலாம். அப்போது அவளிடம் என்ன சொல்வது, உனக்குக் காய்ச்சல் என்று சொல்லு சாமி, என்றா. ஒரு ரகசியத்துக்கு இன்னொரு ரகசியம் காவல். அந்த மேடை அவன் கண்ணில் வந்துகொண்டே இருந்தது: முன்வரிசையில் பெரிய மனிதர்கள், பின்னால் நானூறு அப்பா அம்மா, கறுப்பு அங்கிக்குள் அவள், கையில் சாக்பீஸ், போர்டு. எழுத்து மேலே மேலே ஏறுகிறது. முதலில் யாரோ ஒருவர் சிரிக்கிறார். அவள் திரும்பிக் கூட்டத்தில் அவனைத் தேடுகிறாள்.

பயமாக இருந்தது, வேறு வார்த்தையில்லை. அவமானத்துக்குப் பயந்தானா என்றால் அதற்கும்தான், சார் என்று கூப்பிட்ட வாய் இனி எப்படிக் கூப்பிடும். ஆனால் அதற்கடியில் வேறொன்று இருந்தது. மிஸ்ஸிடம் சொல்லப்போனால் அவளையும் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும், அப்பா செய்தது தப்பு என்று அவள் காதால் கேட்க வேண்டும், இந்த ஒரு வருஷமாக அவள் சாய்ந்துகொண்டிருந்த ஆள் வேறு ஆளாகிவிடுவான். சொல்லாமல் விட்டால் அந்த ஆள் அப்படியே இருப்பானா என்றால், காலையில் ரயில்வே கேட் பக்கத்திலேயே அவன் போய்விட்டான். பதினைந்து. தாரிகா அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அவள் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அடுத்த மாதம் விழுந்துவிடும். ஜூனில் ஒன்றாம் வகுப்பு, பெரிய கட்டடம், அங்கே அப்பாக்களை வராந்தா வரை விடமாட்டார்கள், கேட்டோடு சரி. இந்தக் குட்டி நாற்காலி, சுவரில் ஒட்டின காகித வண்ணத்துப்பூச்சி, பெயருக்குப் பக்கத்தில் ஒட்டின அவள் போட்டோ, ஆயாம்மா தலை சீவுகிற சீப்பு, எல்லாம் இன்னும் பத்து நாள். முதல் நாளிலிருந்து இன்னொரு தடவை ஆரம்பிக்கக் கொடுத்தால் அவன் வலது கையையும் இடது கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கோணல் வந்தால் வரட்டும். தூங்குகிற பயிற்றை டப்பாவோடு கொண்டுபோனவளுக்குக் கோணலைக் கொண்டுபோகத் தெரியாதா. பதினாறு என்றார்கள், அந்தப் பெண் சஞ்சித்தை எழுப்பித் தூக்கிக்கொண்டு போனாள், அவன் வாக்கியத்தை மறுபடியும் எடுத்தான், மிஸ் ஒண்ணு சொல்லோணுமுங்க, அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை, அவர்கள் வெளியே வந்தும்விட்டார்கள்.

உள்ளே போனபோது ஜெசிந்தா மிஸ் சிரித்தபடி எழுந்து நின்றார்கள். “வாங்க சார். வாங்க தாரிகா. வெள்ளிக்கிழமை மேடைக்கு ரெடியா?” மேசையில் எல்லா நோட்டுக்கும் மேலே அந்த நாலு கோடு நோட்டு இருந்தது, பிரவுன் அட்டை, அவனே போட்ட அட்டை, மூலை மடிப்பு அச்சாக நாற்பத்தைந்து டிகிரி. மிஸ் அதைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். “நான் எத்தனையோ வருஷமா யூகேஜி எடுக்கறேன் சார், இந்த எஃப் மாதிரி ஒரு குழந்தை எழுதிப் பாத்ததில்ல.” உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. தாரிகா அவன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி இறுகுவது தெரிந்தது. “அது பாப்பா எழுதுனதில்லீங் மிஸ்,” என்றான். குரல் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரலாக வந்துவிட்டது, வராந்தாவில் பதினெட்டாம் எண் திரும்பிப் பார்த்தது. “நான் எழுதுனதுங்க. இடது கையில. ஜூலையில இருந்து. அவ எழுதறேன்னுதான் சொன்னா, நான்தான் வாங்கி வாங்கி எழுதிட்டேன். உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னும் நான்தான் சொல்லி வெச்சேன். நேத்து அவ சொன்ன பொய் என்னுதுங்க.” மிஸ் நோட்டைப் பார்த்தார்கள், அவன் இடது கையைப் பார்த்தார்கள், மெதுவாக நோட்டை மூடினார்கள். சிரிப்பு போய்விட்டது. “அப்ப மேடையில...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். “வேண்டாமுங்க மிஸ். வேற கொழந்தைய ஏத்துங்க.” அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை முட்டியது, அந்தக் கறுப்பு அங்கி, கை தட்டல், எல்லாம் அப்படியே போய்விட்டது, அவன் அதை எவ்வளவு ஆசைப்பட்டான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேண்ட்டைப் பிடித்திருந்த கை விட்டது. தாரிகா அவனுக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றாள், மிஸ்ஸைப் பார்த்தபடி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “மிஸ், எங்கப்பாவ வெளியில நிக்க வெச்சறாதீங்க மிஸ்.” மிஸ்ஸுக்குப் புரியவில்லை. “ஏன் வெளியில நிக்க வெக்கணும்?” “வீட்டுப்பாடம் வேற ஆளுக எழுதிக் குடுத்தா வெயில்ல நிக்கோணும்னு சொன்னீங்கல்லங் மிஸ். அன்னைக்கு அஷ்வின நிக்க வெச்சீங்க. அவன் அழுதான். எழுதுனது எங்கப்பாதானுங்களே, அதான் நேத்து நானே எழுதுனேன்னு சொன்னேன். அப்பாவுக்கு வெயில்ல நின்னா தலை வலிக்கும் மிஸ்.” ஜெசிந்தா மிஸ்ஸின் முகம் ஒரு நிமிடம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தது. திருமூர்த்தி தனக்கு முன்னால் நின்ற அந்தச் சின்ன முதுகைப் பார்த்தான். ரகசியம் என்று அவன் சொன்னதற்காக அவள் வாயை மூடவில்லை. கை தட்டலுக்காகவும் மூடவில்லை. வயிறு வலிக்க வலிக்க நேற்று மத்தியானம் முழுக்க அவள் அவனை வெயிலில் நிற்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். “இனிமே எழுத மாட்டாங்க மிஸ்,” என்றாள் தாரிகா. “நான் பாத்துக்கறேன்.”